டில்லிக்கு ஒரு நாள், ஊருக்கு ஒரு நாள்

1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கைகோத்து நின்றன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37 அந்தக் கூட்டணிக்குப் போயிற்று. ஆளுங்கட்சியாக இருந்த எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுக்கு மிஞ்சியவை கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும்தான். அடுத்த மாதமே, பிப்ரவரி 17 அன்று, டில்லி ஒன்பது மாநில ஆட்சிகளைக் கலைத்தது. அவற்றில் எம்.ஜி.ஆர். ஆட்சியும் ஒன்று. நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றவர்கள் மாநிலத்தை ஆளும் தகுதியை இழந்துவிட்டார்கள் என்பது கணக்கு. 1977-இல் ஜனதா செய்ததும் இதே கணக்கைத்தான். இந்திரா காந்தி அதைத் திருப்பிப் போட்டார், அவ்வளவே.

எங்கள் பக்கத்து டீக்கடை பெஞ்சுகளில் எம்.ஜி.ஆர். கதை முடிந்தது என்றே பேச்சு. மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் அதே மக்கள், போட்ட இடம் அதே பள்ளிக்கூடம். அ.தி.மு.க. மட்டும் 129 இடங்களைப் பிடித்தது. எம்.ஜி.ஆர். மறுபடியும் கோட்டைக்குப் போனார்.

நாலைந்து மாதத்தில் ஜனங்கள் புத்தி மாறிவிட்டதே என்று அப்போது ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஜனவரியில் கேட்டது, டில்லியில் யார் உட்காருவது என்று. ஜனதாக் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு, சரண் சிங் நாடாளுமன்றத்தை ஒரு நாள்கூடச் சந்திக்காமல் பிரதமராக இருந்துவிட்டுப் போன காலம் அது. அதற்கு ஜனங்கள் ஒரு பதில் சொன்னார்கள். மே மாதம் எம்.ஜி.ஆர். ஊர் ஊராகப் போய், நான் என்ன தப்புச் செய்தேன், எதற்காக என் ஆட்சியைக் கலைத்தார்கள் என்று கேட்டார். அதற்கு வேறொரு பதில் சொன்னார்கள். இரண்டு கேள்வியும் ஒரே நாளில் வந்திருந்தால் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டிருக்கவே முடியாது.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நிலக்கோட்டைப் பக்கம். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. வாத்தியார் வேலையில் சேர்ந்தவனுக்குத் தேர்தல் வேலையும் சேர்ந்தே வரும். முதலில் விரலில் மை வைக்கிற போலிங் ஆபீசர், பிறகு பிரிசைடிங் ஆபீசர். சாக்குப் பையில் ஓட்டுப் பெட்டியும் அரக்கும் மெழுகுவத்தியுமாக லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், முன்பின் தெரியாத ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார்கள். ராத்திரி பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. விடிந்தால் வரிசை நிற்கும். நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததைவிட அந்த வரிசைகளில் படித்தது அதிகம் என்று சொல்வது கொஞ்சம் மிகை. ஆனால் ரொம்ப மிகை இல்லை.

அந்த வரிசைகள் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமான ஒன்று: டில்லிக்கும் சென்னைக்கும் சேர்த்து ஒரே நாளில் ஓட்டுக் கேட்டால், அந்தச் சமயத்தில் எது சத்தமாக இருக்கிறதோ அது மற்றதை விழுங்கிவிடும்.

என் முதல் ஓட்டு 1971-இல். அப்போது ஓட்டுரிமை வயது 21. பதினெட்டாக்கியது 1989-இல்தானே. 1971-இல் இரண்டு தேர்தலும் சேர்ந்தே வந்தன. அப்படி வந்திருக்க வேண்டியதில்லை. 1967-இல் ஜெயித்த தி.மு.க.வுக்கு 1972 வரை காலம் இருந்தது. இந்திரா காந்தி மக்களவையை ஓராண்டு முன்பே கலைத்ததும், கலைஞர் இங்கே சட்டமன்றத்தையும் கலைத்துவிட்டு அவரோடு சேர்ந்து நின்றார். அந்த உடன்பாட்டில் இந்திராவின் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்கவில்லை. ஒன்று விடாமல் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு நாடாளுமன்றத்துக்குச் சில தொகுதிகளை வாங்கிக்கொண்டது. தி.மு.க.வுக்கு 184 இடங்கள் கிடைத்தன. இரண்டு பக்கத்துக்கும் லாபம்தான். நான் இருபத்தொரு வயதுக்காரன், ரொம்ப உற்சாகமாகக் குத்திவிட்டு வந்தேன். காங்கிரஸ் மேல் அன்றைக்குப் பிடிப்பாக இருந்த எங்கள் தெருப் பெரியவர்தான் முணுமுணுத்தார்: "சட்டமன்றத்துக்கு எனக்கு யாருப்பா ஆளு?"

அவர் முணுமுணுப்பு பிற்பாடு ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. 1984-இல் அ.தி.மு.க.வும் காங்கிரசும் பேசிக்கொண்டதை எங்கள் பக்கத்தில் இன்றும் எம்.ஜி.ஆர். ஃபார்முலா என்பார்கள். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு காங்கிரசுக்கு. சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அ.தி.மு.க.வுக்கு. டில்லி உனக்கு, சென்னை எனக்கு. தேர்தல் ஒரே நாளில் வந்தால்தான் இப்படித் தட்டு மாற்ற முடியும். கட்சிகளைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இரண்டு சரக்கு இருந்தால் யாரும் ஒன்றுக்கு ஒன்று பேரம் பேசுவார்கள். ஓட்டுப் போடுகிறவனுக்குத்தான் இரண்டிலும் பாதிப் பாதி தேர்வு போய்விடுகிறது.

1984-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சுட்டுக் கொன்றார்கள். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். டிசம்பர் 24 அன்று ஓட்டு. எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டிப் பக்கம் எட்டிப் பார்க்காமலே அங்கே ஜெயித்தார். அன்றைக்கு நான் பூத்தில் இருந்தேன். வரிசையில் வந்த கிழவி ஒருத்தி, இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு, "அய்யா, இதுல செத்துப்போன தாய்க்கு எது, ஆஸ்பத்திரியில கெடக்கிற மகராசனுக்கு எது?" என்று கேட்டாள். ஏஜென்டுகள் சிரித்தார்கள். நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அன்றைய தேர்தலை அவளைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யாரும் இல்லை.

1991-இல் திரும்பவும் அதே கதை, இன்னும் கடுமையாக. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் மாதம் தமிழ்நாட்டில் இரண்டு தேர்தலும் சேர்ந்து நடந்தன. சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு இரண்டே இடங்கள்: துறைமுகத்தில் கலைஞர், எழும்பூரில் பரிதி இளம்வழுதி. அதற்கு முந்தைய தி.மு.க. ஆட்சி நன்றாக நடந்ததா, ரேஷன் சரியாக வந்ததா, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வந்தாரா என்பதற்கெல்லாம் அன்றைக்கு ஜனங்கள் பதில் சொல்லவில்லை. ஓர் அழுகைக்குப் பதில் சொன்னார்கள். அதோடு ஐந்து வருஷத்துக்கு மாநிலத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாவு வீட்டில் பாகப்பிரிவினை பேசக் கூடாது என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். காரியம் முடியட்டும், பதினாறாம் நாள் கழியட்டும், பிறகு வரப்பைப் பற்றியும் கிணற்றுப் பங்கைப் பற்றியும் பேசலாம் என்பார்கள். 1984-லும் 1991-லும் நாம் இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம்.

விழுங்குவது எப்போதும் டில்லிதான் என்று நினைக்க வேண்டாம். 1996-இல் நேர் எதிராக நடந்தது. மாநில ஆட்சிமேல் ஜனங்களுக்கு இருந்த கோபம் அவ்வளவு. வெள்ளைச் சீட்டு நாடாளுமன்றத்துக்கு, ரோஸ் சீட்டு சட்டமன்றத்துக்கு. இரண்டிலும் ஒரே குத்துத்தான். தி.மு.க., த.மா.கா., இந்திய கம்யூனிஸ்ட் என்று அந்த அணி 39-லும் ஜெயித்தது. டில்லியில் அடுத்து என்ன ஆட்சி வரும், இந்த 39 பேரும் அங்கே போய் என்ன செய்யப் போகிறார்கள் என்று எங்கள் தொகுதிப் பக்கம் ஒரு மேடையிலும் நான் கேட்கவில்லை. போனவர்கள் தேவகவுடா ஆட்சியிலும் குஜ்ரால் ஆட்சியிலும் மந்திரிகளானார்கள். அது கெட்டது என்று சொல்லவில்லை. அதற்காக யாரும் ஓட்டுப் போடவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தனித்தனியாக நடந்தபோதெல்லாம் கதையே வேறு. 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. ஜெயித்து, பதிமூன்று வருஷம் கழித்துக் கலைஞர் முதலமைச்சரானார். அதே வருஷம் நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. காங்கிரஸ், அ.தி.மு.க. அணி அள்ளிக்கொண்டு போனது. 2004-இல் தி.மு.க. அணி 39-ஐயும் பிடித்தது. இரண்டு வருஷம் கழித்து 2006-இல் தனிப்பெரும்பான்மை கிடைக்காமல் சிறுபான்மை ஆட்சி நடத்த வேண்டியிருந்தது. 2009-இல் நாடாளுமன்றத்துக்கு 27 இடம் பிடித்த அணி, 2011-இல் கோட்டையை விட்டு இறங்கியது. இதையெல்லாம் பார்த்துத் தமிழன் நிலையில்லாதவன் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு எதிர்மாறாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு கணக்கையும் அதனதன் நோட்டில் எழுதிப் பழகியவர்கள் நம் ஜனங்கள்.

எங்கள் திண்டுக்கல்லே இதற்குப் பழைய சாட்சி. 1973 மே மாதம் இங்கே நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்றார். அந்த இலைக்கு அதுதான் முதல் தேர்தல். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. ஒரே ஒரு தொகுதி, ஒரே ஒரு நாள். ஆனால் மாநிலத்தின் மனசில் என்ன ஓடுகிறது என்று நாலு வருஷம் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பொதுத்தேர்தலுக்காகக் காத்திருந்தால் 1977 வரை அது யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி என் பேச்சுக்கு எதிராகப் போகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதுவும் எங்கள் தொகுதியில் நடந்ததுதான். 2019 ஏப்ரல் 18. நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து, தமிழ்நாட்டில் பதினெட்டுச் சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் அன்றைக்கு நடந்தது. நிலக்கோட்டை அதில் ஒன்று. நான் ஓய்வு பெற்றுவிட்டதால் வெறும் வாக்காளனாக வரிசையில் நின்றேன். உள்ளே இரண்டு மெஷின். முதல் மறைப்பில் நாடாளுமன்றத்துக்கு ஒரு பீப், அடுத்த மறைப்பில் சட்டமன்றத்துக்கு ஒரு பீப். விரலில் மை ஒரே தடவைதான். முடிவு வந்தபோது, திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். அதே நாளில், அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றான நிலக்கோட்டையில் ஜெயித்தது அ.தி.மு.க. மாநிலம் முழுக்க நாடாளுமன்றத்துக்குத் தேனி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் இழந்த கட்சி, அந்த மாதத்திலும் அடுத்த மாதத்திலும் நடந்த 22 இடைத்தேர்தல்களில் ஒன்பதைப் பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது.

அப்படியானால் ஒரே நாளில் வைத்தாலும் ஜனங்கள் பிரித்துப் பார்க்கிறார்களே, பிறகு என்ன பிரச்சினை? நானும் அப்படித்தான் யோசித்தேன். பிறகு அந்த மெஷினை நினைத்துப் பார்த்தேன். திண்டுக்கல்லின் நாடாளுமன்ற மெஷினில் இரட்டை இலையே இல்லை; கூட்டணிக்காகப் பா.ம.க.வின் மாம்பழம் இருந்தது. அ.தி.மு.க. இடைத்தேர்தலில் ஜெயித்த மற்ற ஊர்களையும் பாருங்கள். மானாமதுரை, பரமக்குடி, விளாத்திகுளம், இந்த மூன்றுக்கும் மேலே நாடாளுமன்றத்துக்குத் தாமரை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்கு மாம்பழம். சாத்தூருக்கு முரசு. டில்லிச் சின்னம் ஒன்றாகவும் ஊர்ச் சின்னம் ஒன்றாகவும் இருந்ததால் கை தனித்தனியாகப் போயிற்று. மேலும், இந்தப் பதினெட்டும் விழுந்தால் ஆட்சி விழும் என்று கோவில் திருவிழாவில் பஞ்சுமிட்டாய் விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கேள்வி அவ்வளவு பளிச்சென்று இருந்தது. பொதுவாக அப்படி இருப்பதில்லை. ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் 1999 முதல் 2014 வரையிலான தேர்தல்களைக் கணக்குப் பார்த்து, இரண்டும் சேர்ந்து நடந்தால் வாக்காளர் ஒரே கட்சிக்குப் போட 77 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னது. நூறு சதவீதம் இல்லை என்பது உண்மை. எழுபத்தேழும் சின்ன எண் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. ஓட்டுப் போடுகிறவன் பிரித்துப் பார்க்கலாம். ஓட்டுக் கேட்கிறவன் பிரித்துப் பேச மாட்டான். எங்கள் பக்கத்தில் பூ விவசாயம். விடியற்காலை நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு வந்தால் மல்லிகை வாசமும் ஏலக் குரலும் ஒன்றாக இருக்கும். விலை விழுந்தால் பறித்த கூலிக்குக்கூடத் தேறாது. இங்கே ஒரு சென்ட் தொழிற்சாலை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. சட்டமன்றத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளரும் அதைப் பற்றி வாயைத் திறந்தே ஆக வேண்டும், செய்கிறாரோ இல்லையோ. 2019-இல் பிரசார வேன்கள் எல்லாம் மோடியா ராகுலா என்றுதான் பேசின. இடைத்தேர்தல் வேட்பாளரும் அதே வேனில் நின்றுகொண்டிருந்தார், கும்பிட்டபடி. ஏ.எஸ். பொன்னம்மாள் எங்கள் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். காங்கிரசிலும் பிறகு த.மா.கா.விலும் நின்று ஜெயித்தவர். 1989 ஜனவரியில் மாநிலமெல்லாம் தி.மு.க. அலை அடித்தபோதும் இங்கே அவர்தான். அந்தத் தேர்தல் தனியாக நடந்ததால் ஊர் அவரைப் பார்க்க முடிந்தது.

என் பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்கு என் வாதம் பிடிக்காது. "தாத்தா, பார்லிமென்டுக்கு ஒரு தடவை, அசெம்பிளிக்கு ஒரு தடவை, பஞ்சாயத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் ஓசூர் வந்து, பஸ் மாறி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரணும். லீவு கிடைக்காது. எல்லாத்தையும் ஒரே நாள்ல வெச்சா என்ன குடி முழுகிப்போகுது? செலவும் மிச்சம்" என்கிறான். ராம்நாத் கோவிந்த் குழுவின் அறிக்கையை அவன் போனில் படித்துவிட்டான். 18,626 பக்கத்தில் எத்தனை பக்கம் என்று நான் கேட்கவில்லை. 2023 செப்டம்பரில் அமைத்த குழு. 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல், அதிலிருந்து நூறு நாளுக்குள் உள்ளாட்சித் தேர்தல் என்பது அதன் யோசனை. 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அதற்கான மசோதாவை அறிமுகம் செய்ய 269 பேர் ஆதரித்தார்கள், 198 பேர் எதிர்த்தார்கள். பிறகு அது கூட்டுக் குழுவிடம் போயிற்று. தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே, இது வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது.

பேரன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் கிடையாது. மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் 2024-ஐ எடுத்துப் பார். தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது. எண்ணியது ஜூன் 4 அன்று. நடுவில் ஒன்றரை மாதம் மனுப் பெட்டி மூடிக் கிடந்ததற்குக் காரணம் தேர்தல்கள் தனித்தனியாக இருப்பதா, தேசம் முழுக்க ஏழு கட்டமாக இழுத்ததா? பணமும் அப்படித்தான். தனித் தேர்தலுக்கு ஒரு நோய் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். பக்கத்துத் திருமங்கலத்தில் 2009-இல் நடந்த இடைத்தேர்தல், ஓட்டுக்குக் காசு கொடுப்பதற்கே பெயர் தந்துவிட்டது. சின்னத் தொகுதியில் எல்லாக் கட்சிப் பணமும் வந்து இறங்குகிறது. ஆனால் அதே நோய் பெரிய தேர்தலிலும்தான் இருந்தது. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே பணத்தால் ரத்து செய்து, ஆகஸ்டில் திரும்ப வைத்தார்களே.

அந்த மசோதாவில் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத ஒரு பகுதி உண்டு. ஒரு மாநில ஆட்சி நடுவில் கவிழ்ந்தால் மறுபடி தேர்தல் வைப்பார்கள். ஆனால் புதிதாக வருகிற சட்டமன்றத்துக்கு ஐந்து வருஷம் கிடையாது, பழையதில் மிச்சம் இருக்கிற காலம் மட்டும்தான். அதாவது டில்லிக் கடிகாரத்துக்கு ஏற்ப மாநிலத்தின் ஆயுளை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றரை வருஷத்துக்கு ஆட்சிக்கு வருகிறவர் எந்த அணைக்கு மதகு போடுவார்? தேர்தலைக் குறைக்கத்தானே இவ்வளவும் என்கிறார்கள். கவிழ்ந்தால் தேர்தல் வரத்தானே போகிறது? வந்தும் முழு அதிகாரம் இல்லை என்றால், குறைந்தது தேர்தல் இல்லை, ஜனங்களின் வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு.

1952 முதல் 1967 வரை சேர்ந்துதானே நடந்தது என்று கேட்பார்கள். நடந்தது, ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. 1959-இல் கேரளத்தில் நம்பூதிரிபாடு ஆட்சியைக் கலைத்தபோது அந்தச் சங்கிலியில் முதல் கண்ணி கழன்றது. 1967-க்குப் பிறகு வடக்கே ஆட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. 1970 டிசம்பரில் இந்திரா காந்தி மக்களவையைக் கலைத்ததும் மிச்சமும் போயிற்று. திட்டம் போட்டுப் பிரித்தவர் யாரும் இல்லை. தானாகப் பிரிந்தது. பிரிந்த பிறகுதான் மாநிலக் கட்சிகளுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. சில நாடுகள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் தேசியத் தேர்தல் நாளில், கவர்னர் ஜெனரல் அனுமதி இல்லாமல், மாநிலத் தேர்தல் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் வர்ஜீனியாவும் நியூ ஜெர்சியும் அதிபர் தேர்தலுக்கு மறு வருஷம் ஆளுநர் தேர்தல் வைக்கின்றன. அங்கே அப்படித் தனியாக வைத்தால் ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைகிறார்கள். அது உண்மையான நஷ்டம். நம் ஊரில் அந்தக் கவலை இல்லை. 2011 சட்டமன்றத் தேர்தலில் 78 சதவீதம் பேர் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத்துக்கு எழுபதுகூட எட்டவில்லை.

உள்ளாட்சி மட்டும் இந்தக் கணக்கில் எப்போதும் கடைசிப் பிள்ளை. 73-ஆவது திருத்தம் வந்து, 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது நான் எண்ணும் இடத்தில் இருந்தேன். ஒரு ஓட்டருக்கு நாலு சீட்டு. ஊராட்சித் தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வேறொன்று. எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்திருக்கும். ஒன்றிய அலுவலகத்தில் பெட்டியை மேஜையில் கவிழ்த்ததும் முதல் வேலை, நிறம் பிரிப்பது. ராத்திரி பத்து மணிக்கு மேல் குழல் விளக்கு வெளிச்சத்தில் பச்சை எது மஞ்சள் எது என்று கண் மயங்கும். ஆனால் நான் பார்த்த தேர்தல்களில் ஜனங்கள் நன்றாகத் தெரிந்து போட்டது இதைத்தான். ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ, கத்தரிக்காய் என்று பொதுச் சின்னங்கள். அதனால் வேட்பாளரே சின்னம். கும்பிட்டுக்கொண்டு வந்தவனைப் பார்த்து எங்கள் தெருவில் ஒருத்தி, "ஏன்டா, தண்ணித் தொட்டியக் கழுவி எத்தன மாசம் ஆச்சு? மோட்டார் போடுறவன் உன் மச்சான்தானே? அவன மொதல்ல சொல்லச் சொல்லு, பெறகு ஓட்டுக் கேளு" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள். டில்லித் தேர்தல் சூட்டில், தலைவர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிற மாதத்தில், அந்தத் தண்ணீர்த் தொட்டியை யார் பேசுவார்கள்? நூறு நாள் இடைவெளி என்கிறார்கள். ஜெயித்த கட்சியின் வெடிச் சத்தம் அடங்கவே அந்த நூறு நாள் பத்தாது.

இதில் டில்லியை மட்டும் குறை சொன்னால் நான் நியாயஸ்தன் இல்லை. பதவிக்காலம் முடிவதற்குள் உள்ளாட்சித் தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2016-இல் நடக்க வேண்டியது, வழக்கும் வார்டு மறுவரையறையும் என்று தள்ளித் தள்ளி, எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அந்த மூன்று வருஷம் ஊராட்சிக்குத் தனி அலுவலர்தான் தலைவர். அவரிடம் தொட்டியைப் பற்றிக் கேட்டால், மேலே எழுதியிருக்கிறேன் என்பார். 2019-இல் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். மாநில உரிமை பேசுகிறவர்கள் கோட்டைக்குத் தனி நாள் வேண்டும் என்று கேட்பது சரி. அதே வாயால் ஊருக்கும் ஒரு நாளைக் கொடுத்திருக்கலாம்.

போன வாரம் பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். செலவு விஷயத்தில் அவன் மசியவில்லை. வெளியூரில் இருக்கிறவன் இருக்கிற இடத்திலிருந்தே ஓட்டுப் போட வழி செய்தால் இந்தப் பேச்சே வேண்டாமே என்றான். அது நல்ல யோசனை. என்னைவிட நன்றாக யோசிக்கிறான். சட்டமன்றத் தேர்தலுக்கு லீவு கிடைத்தால் வருகிறேன் என்றான். "ஆனா பஞ்சாயத்து எலக்‌ஷன்னா கண்டிப்பா வர்றேன் தாத்தா. நம்ம தெருவுல சாக்கடை போடாம வெச்சிருக்கானுகளே, அதக் கேக்கணும். தேதி சொல்லுங்க, இப்பவே டிக்கெட் போட்டுர்றேன்."

தேதியை இன்னும் அறிவிக்கவில்லையப்பா என்றேன்.